சுவரில் முதலில் வந்த வண்ணம்

1950களில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று தென்கோடிக் கடற்கரை ஊர்க்காரர்கள் பார்த்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். அரசகுமாரியின் பட்டும் சாம்பல், மாலைச் சூரியனும் சாம்பல். ஆனால் அந்தப் படங்களை அறிவிக்க வந்த வால்போஸ்டர்கள் சாம்பல் நிறத்தில் வந்ததில்லை. நாயகியின் சேலை குங்குமச் சிவப்பு, நாயகனின் கச்சை மயில் நீலம், பின்னால் எரியும் கோட்டைக்கு மஞ்சளும் ஆரஞ்சும். மாட்டு வண்டியின் இருபுறமும் மூங்கில் தட்டி கட்டி, அதில் போஸ்டரை ஒட்டி, மேளம் அடித்துக்கொண்டு பிட் நோட்டீஸ் வீசிப் போவார்கள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்காரும்போது பார்வையாளர் மனதில் அந்தப் படத்தின் நிறங்கள் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

முழுநீள வண்ணப்படமாகத் தமிழில் முதலில் வந்தது மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. ஆண்டு 1956. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் தமிழ்ச் சினிமாவுக்கு நிறம் கொடுத்தவர்கள் சுவரொட்டி வரைந்த ஓவியர்கள். தமிழ்நாட்டின் நவீன வடிவமைப்பு வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயம் இவர்களுடையதாக இருக்க வேண்டும். பெயரே பதிவாகாமல் போனவர்கள் இவர்களில்தான் அதிகம்.

அதே காலத்தில் லண்டனில் நடந்ததை ஒப்பிட்டால் இந்த ஓவியர்களின் இடம் இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், ஈலிங் ஸ்டுடியோ தன் படங்களின் சுவரொட்டிகளை விளம்பர ஓவியர்களிடம் மட்டும் விடாமல் நாட்டின் முன்னணி ஓவியர்களிடம் கொடுத்தது. அதன் விளம்பரப் பொறுப்பில் இருந்த எஸ். ஜான் உட்ஸ் தானே ஓவியர். போர்க்கால அழிவுகளை வரைந்து பெயர் பெற்ற ஜான் பைப்பர், 1945இல் 'பிங்க் ஸ்ட்ரிங் அண்ட் சீலிங் வேக்ஸ்' படத்துக்கு வரைந்தார். ரொனால்ட் சேர்ல் 1951இல் 'தி லாவண்டர் ஹில் மாப்' படத்துக்குத் தன் கோணல் கோட்டுச் சித்திரங்களைத் தந்தார். எட்வர்ட் பாடன் 1953இல் 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' படத்துக்குப் பழைய ரயிலையும் ஊர்மக்களையும் சுவரொட்டி ஆக்கினார். நட்சத்திரத்தின் முகத்தைப் பெரிதாகப் போடுவதற்குப் பதில் படத்தின் மனநிலையைப் போடுவது என்பது ஈலிங் கண்ட புதுமை.

சென்னையில் அப்படி ஓர் உட்ஸ் இல்லை. கண்காட்சி ஓவியர்களைத் தேடிப்போய்ச் சுவரொட்டி வரையச் சொன்ன ஸ்டுடியோவும் இல்லை. தமிழ்ச் சுவரொட்டிக்கான கைகள் வேறொரு இடத்திலிருந்து, நாடகக் கொட்டகையின் திரைக்குப் பின்னாலிருந்து வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பார்சி நாடகக் குழுக்கள் தென்னிந்தியாவுக்கு வந்தபோது வர்ணம் தீட்டிய படுதாக்களையும் கொண்டுவந்தன. தர்பார், காடு, தெரு, சுடுகாடு என்று காட்சிக்கு ஒரு படுதா. தமிழ் நாடகக் குழுக்கள் அந்த வழக்கத்தை உடனே பிடித்துக்கொண்டன. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் வசனமும் எழுதி வளர்த்த பாய்ஸ் கம்பெனி மரபில் படுதா ஓவியர் இல்லாத குழு கிடையாது. கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' போன்ற நாடகங்களுக்குக் கூட்டம் கூடியதில் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, காட்சி ஜோடனைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இருபது முப்பது அடி துணியில், கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் தெரியும்படி, விளக்கு வெளிச்சத்தில் எடுபடும் நிறத்தில் வரையக் கற்ற ஒரு தலைமுறை அங்கே உருவானது. நாடகம் தேய்ந்து சினிமா வளர்ந்தபோது அந்தத் தலைமுறைக்குச் செய்ய வேலை இருந்தது. திருவிதாங்கூரிலிருந்து வந்த கே. மாதவன் நாடகப் படுதாவில் தொடங்கி, சினிமா பேனர், பத்திரிகை அட்டை, காலண்டர் என்று எல்லாவற்றிலும் புகழ்பெற்றது இந்தப் பாதையில்தான்.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தப் பாதையில் ஒரு தனி இடம் உண்டு. அன்று ஒன்றாக இருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்குக் கரையில் உவரி என்றால், வடக்கு எல்லையில் கோவில்பட்டி. 1940களின் தொடக்கத்தில், தான் வேலை பார்த்த நாடகக் குழு கலைந்துபோனபின் அந்தக் கரிசல் ஊரிலேயே தங்கிவிட்டார் ஒரு படுதா ஓவியர். பெயர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். இளவயதில் துறவு நாட்டம் கொண்டு திருவண்ணாமலையில் ரமணர் அருகில் சில காலம் இருந்தவர். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கோவில்பட்டியில் புகைப்பட ஸ்டுடியோ வேலை, படங்களுக்கு நிறம் தீட்டும் வேலை என்று தொடங்கி, சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் வரைந்து தென்னிந்தியா முழுவதற்கும் காலண்டர் தந்தார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், எம். சீனிவாசன், செண்பகராமன் என்று அவரைச் சுற்றி ஒரு சீடர் வட்டம் உருவானது. பல படங்களில் குருவின் கையொப்பமும் சீடரின் கையொப்பமும் சேர்ந்தே இருக்கும். 1976இல் அவர் மறைந்தார்.

கொண்டையராஜு வட்டத்தின் சாமி படங்களையும் அந்தக் காலச் சினிமாச் சுவரொட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். முருகனும் மீனாட்சியும் நேராகப் பார்ப்பவரின் கண்ணையே பார்க்கிறார்கள். சதையில் ஒரு பளபளப்பு, நகையில் ஒவ்வொரு கல்லுக்கும் தனி ஒளி, பின்னால் நாடகப் படுதாவின் மலையும் குளமும். சுவரொட்டியின் நாயகனும் அப்படியே நேராகப் பார்க்கிறான், அதே பளபளப்போடு. கும்பிடுகிறவர் சாமியின் கண்ணைத் தேடுகிறார் என்பது காலண்டர் ஓவியர் அறிந்த விஷயம். டிக்கெட் வாங்குகிறவரும் முதலில் கண்ணைத்தான் தேடுகிறார் என்பதைச் சுவரொட்டி ஓவியர் புரிந்துகொண்டார். ஈலிங் சுவரொட்டி நட்சத்திரத்தின் முகத்தைச் சிறிதாக்கிப் புதுமை செய்தது. தமிழ்ச் சுவரொட்டி முகத்தை மேலும் பெரிதாக்கி, அந்த முகத்துக்குள்ளேயே புதுமையைச் செய்தது. ஒரு கன்னத்தில் நெருப்பின் ஆரஞ்சு, மறு கன்னத்தில் இரவின் நீலம், தாடையின் ஓரத்தில் ஒரு கீற்றுப் பச்சை. இயற்கையில் எந்த முகத்திலும் இல்லாத நிறங்கள் அவை. படத்தில் அந்த மனிதனுக்குள் நடக்கும் போராட்டத்தைப் படிக்கத் தெரியாதவருக்கும் அவை சொல்லிவிடும்.

இத்தனையையும் அச்சில் கொண்டுவந்தது சிவகாசியும் சென்னையும். சிவகாசி அச்சு ஊராக மாறிய கதை தீப்பெட்டியில் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பின்னால் வந்த பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்காக வந்த லித்தோ அச்சு, காலண்டருக்கும் சுவரொட்டிக்கும் பயன்பட்டது. மழை குறைந்த அந்த ஊரின் வறண்ட காற்று தீக்குச்சியைப் போலவே அச்சான தாளையும் சீக்கிரம் உலர்த்தியது.

லித்தோ வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கடினம் புரியும். வழவழப்பாகத் தேய்த்த கனமான சுண்ணாம்புக் கல். அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியாலோ மையாலோ ஓவியர் வரைவார். கல்லை நனைத்தால் வரைந்த இடம் தண்ணீரை ஏற்காது; மற்ற இடம் ஏற்கும். மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கடைசியில் கறுப்பு. நாயகியின் ஒரு சேலையை ஓவியர் மனத்துக்குள் மூன்று நான்கு சேலைகளாகப் பிரித்து, எந்தக் கல்லில் எவ்வளவு புள்ளி வைத்தால் தாளில் என்ன நிறம் வரும் என்று கணக்குப் போட வேண்டும். கல்லில் நேரடியாக எழுதும்போது எழுத்தை வலமிடமாகத் திருப்பி எழுத வேண்டும். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த தமிழ் எழுத்தைத் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பிசகாமல் எழுதிய அந்தக் கைகளின் திறமைக்குப் பட்டயம் தந்த பள்ளி எதுவும் இல்லை. பின்னால் கல்லின் இடத்தில் துத்தநாகத் தகடு வந்தது, அதற்கும் பின்னால் ஆஃப்செட் வந்தது.

தலைப்பு எழுத்து தனியாகப் பேசப்பட வேண்டிய கலை. அச்சகத்தின் ஈய எழுத்தில் அன்று இருந்தவை சில வடிவங்கள்தான். சுவரொட்டி ஓவியர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புது எழுத்தைக் கையால் படைத்தார். ராஜா ராணிக் கதை என்றால் எழுத்தின் முனை வாளாக நீளும். புராணம் என்றால் கோபுரம்போல் அடுக்கு ஏறும். மர்மப் படம் என்றால் எழுத்து உடைந்து நிழல் விழும். சமூகப் படம் என்றால் பேனாவால் வேகமாக எழுதியதுபோல் சாயும். இன்று கணினியில் தமிழ் எழுத்துரு வடிவமைக்கிறவர்கள் ஆராய வேண்டிய முதல் பொக்கிஷம் இந்தத் தலைப்புகள்தான்.

தலைப்புக்குக் கீழே யார் பெயர் எந்த அளவில் என்பதிலும் தமிழ்ச் சுவரொட்டி தனிவழி போனது. கதை வசனம் எழுதியவரின் பெயருக்கு இங்கே கிடைத்த இடம் பல நாடுகளின் சுவரொட்டிகளில் கிடைத்ததில்லை. 1950இல் 'மந்திரி குமாரி', 1952இல் 'பராசக்தி' என்று படங்கள் வந்த காலத்தில் மு. கருணாநிதியின் பெயரே கூட்டத்தை இழுக்கும் பெயர் ஆனது. வசனத்தைக் கேட்கப் போன சமூகம் அது. எழுத்தாளர் பெயரைப் பெரிதாக வரைந்த ஓவியர் தன் ஊரின் ரசனையைச் சரியாக அளந்திருந்தார்.

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற எல்லையை உடைத்தவர் ஜெமினி ஸ்டுடியோவின் எஸ்.எஸ். வாசன். விளம்பரத் தொழிலிலிருந்து வந்து 'ஆனந்த விகட'னை வாங்கி நடத்தியவர். 1948 ஏப்ரலில் 'சந்திரலேகா' வெளியானபோது விளம்பரத்துக்குப் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். வருடக் கடைசியில் அதே படத்தை இந்தியில் வெளியிட்டபோது வடநாட்டு நகரங்கள் ஒரு தென்னிந்தியப் படத்துக்கு அதுவரை கண்டிராத அளவில் விளம்பரம் கண்டன. ராட்சத முரசுகளின் மேல் நின்றாடும் பெண்கள் என்ற ஒரே காட்சி நாடு முழுவதும் அந்தப் படத்தின் அடையாளம் ஆனது. ஒரு படத்தை ஒரே பிம்பத்தில் சுருக்கிச் சொல்வது என்ற நவீன விளம்பரப் பாடம் தமிழ்நாட்டில் அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது.

சுவரொட்டி வளர்ந்து வளர்ந்து சுவரைவிட்டு வெளியே வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கையால் வரைந்த பேனர்கள் ஒரு கட்டடத்தின் முகப்பையே மூடின. 1957இல் 'வணங்காமுடி' வெளியானபோது சித்ரா தியேட்டர் முன் மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் பட்டறை நிறுத்திய சிவாஜி கணேசனின் கட்-அவுட் ஏறக்குறைய 80 அடி உயரம் என்று சொல்வார்கள். அதன் பிறகு கட்-அவுட் இல்லாமல் பெரிய நடிகர் படம் வெளியாவது என்ற பேச்சே இல்லாமல் போனது.

பேனர் பட்டறையின் வேலைமுறையில் நாடகப் படுதாவின் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. தயாரிப்பாளர் தந்த ஸ்டில் மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். ஸ்டில்லின் ஒரு கட்டத்தில் மூக்கின் நுனி இருந்தால், துணியின் அந்தக் கட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு மூக்கின் நுனி. உடையையும் பின்னணியையும் சீடர்கள் போடுவார்கள், முகத்தை மாஸ்டர் போடுவார். கிட்டத்தில் நின்றால் வர்ணத் திட்டுகள் மட்டுமே தெரியும். சாலையின் எதிர்ப்புறம் போய்ப் பார்த்தால் எம்.ஜி.ஆர் சிரிப்பார். கட்-அவுட்டின் நகைகளுக்கும் உடைக்கும் ஜிகினா ஒட்டி, காற்றில் மின்ன வைப்பார்கள். பம்பாயில் எம்.எஃப். ஹுசைன் தன் வாழ்க்கையைத் தொடங்கியதும் இப்படிப்பட்ட சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்துதான். அவர் பலகையிலிருந்து காட்சிக்கூடத்துக்குப் போனார். தமிழ்நாட்டின் பேனர் மாஸ்டர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

நிறத்துக்கு அரசியலும் உண்டு. எம்.ஜி.ஆர் பிக்சர்ஸின் சின்னத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கொடி பிடித்து நின்றார்கள். 1958இல் 'நாடோடி மன்னன்' வந்தபோது அந்தக் கொடி எந்தக் கட்சியுடையது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தி.மு.க.வின் கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு சுவரொட்டி படத்தை மட்டும் விற்கவில்லை. படிப்பறிவு பரவாத ஊர்களில் நிறமே அறிக்கையாக வேலை செய்தது.

அடுத்த ஆண்டு, 1959 மே மாதம், பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' டெக்னிகலரில் வந்தது. பாஞ்சாலங்குறிச்சியும், கட்டபொம்மன் 1799 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் இந்தச் சீமையின் ஊர்கள். கட்டபொம்மனின் முகத்துக்கு நம்பகமான ஓவியச் சான்று இல்லாத நிலையில், சுவரொட்டியிலும் பாட்டுப் புத்தக அட்டையிலும் வந்த சிவாஜியின் மீசையும் உருட்டிய விழியும் மக்கள் மனதில் கட்டபொம்மனாகவே நிலைத்துவிட்டன. 1970இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் சிவாஜி கணேசன்தான். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அந்தச் சிலையில் இன்றும் அந்த நடிகரின் நிற்கும் தோரணையைக் காண்கிறார்கள்.

சென்னையிலும் சிவகாசியிலும் அச்சான தாள் திருநெல்வேலிக்கு வந்தபின் நடந்த வேலைக்கும் ஒரு நுட்பம் இருந்தது. சுவரொட்டியின் அடியில் தியேட்டர் பெயருக்கென்று இடம் விடுவது வழக்கம். அந்தந்த ஊர் அச்சகத்தில் அடித்த ஸ்லிப் அங்கே ஏறும். 'நாளை முதல்', 'வெற்றிகரமான 2வது வாரம்', 'இன்றே கடைசி' என்று வாரத்துக்கு ஏற்ப ஸ்லிப் மாறும். வடிவமைத்தவர் தன் வேலையில் ஒரு பகுதியை முகம் தெரியாத ஓர் ஊர் அச்சுக்கோப்பவரிடம் விட்டுவைத்த ஏற்பாடு அது.

ஒட்டுகிறவருக்கு இரவு வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை வாளி ஒரு கையில், ஏணி தோளில். பெரிய சுவரொட்டி நான்கு, ஆறு தாள்களாக வரும். முதல் தாளில் நாயகனின் ஒரு கண், அடுத்த தாளில் மறு கண். மூக்கு விலகாமல், உதடு கோணாமல் இரண்டையும் இருட்டில் இணைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் பசையைச் சீக்கிரம் விடுவித்துவிடும் என்பதால் அங்கே ஒட்டிய படம் அதிக நாள் தங்காது. 1960களில் நெல்லை நகரின் தியேட்டர்களும் ரசிகர்களும் எப்படி இருந்தார்கள் என்பதைக் கவிஞர் கலாப்ரியா தன் 'நினைவின் தாழ்வாரங்கள்' கட்டுரைகளில் பதிவு செய்திருக்கிறார். சுவரொட்டிக் காலத்தை உள்ளிருந்து அறிய விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வாசல்.

1970களில் ஆஃப்செட்டும் வண்ணப் புகைப்படமும் ஓவியரின் இடத்தைச் சுருக்கின. புகைப்படத்திலிருந்து தலைகளை வெட்டி ஒட்டி, மேலே தூரிகையால் திருத்தும் பாணி பரவியது. பேனர் மட்டும் இன்னும் சில பத்தாண்டுகள் கையிலேயே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்ததும் அதுவும் முடிந்தது. பல நாள் வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் துப்பியது. மாஸ்டர்கள் கடைப் பலகை, கோயில் சுதை, வாகன எழுத்து என்று பிரிந்தார்கள். பலர் தொழிலையே விட்டார்கள்.

ஈலிங் சுவரொட்டிகளுக்கு வாய்த்த கதி வேறு. அவை லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. எந்தப் படத்துக்கு எந்த ஓவியர் வரைந்தார் என்பது ஆவணமாக இருக்கிறது. தமிழ்ச் சுவரொட்டிகளில் மிஞ்சியவை சில இடங்களில்தான். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஓரளவு வைத்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் நாடக, சினிமா நோட்டீஸ்களும் இருக்கின்றன. 'நாடோடி மன்ன'னில் மக்கள் தொடர்பாளராகப் பணி தொடங்கிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தன் ஆயுள் முழுவதும் சேர்த்ததைத் தமிழக அரசு வாங்கியது. தனி மனிதர்களின் பிடிவாதத்தால் தப்பியவைதான் இவற்றில் அதிகம். கோவில்பட்டியின் ஓவியர்களுக்கும் சென்னையின் பேனர் மாஸ்டர்களுக்கும் தனியாக ஓர் அருங்காட்சியகம் இருந்திருக்க வேண்டும்.

பேனர் வரைந்த கடைசித் தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் எந்தப் படத்துக்கு வரைந்தார்கள், யாரிடம் கற்றார்கள், என்ன வர்ணம் கலந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைக்கும் வேலையை நம் ஓவியக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உடனே தொடங்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மூடிய தியேட்டர்களின் கிடங்கிலோ, பழைய அச்சகத்தின் பரணிலோ, வீட்டுப் பெட்டியிலோ ஒரு பழைய சுவரொட்டியோ பாட்டுப் புத்தகமோ கிடைத்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் ஓவியர் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள்.